ஃபிரிஸ்க் விவகாரம் (2005)

ஃபிரிஸ்க் விவகாரம் என்பது 2005 பிப்ரவரி 23 அன்று பார்செலோனா நகரின் காம்ப் நூ மைதானத்தில் நடந்த ஒரு கால்பந்து ஆட்டத்தையும், அதைத் தொடர்ந்து எழுந்த குற்றச்சாட்டுகளையும் குறிக்கிறது. ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் போட்டியின் கடைசி 16 அணிகள் சுற்றில் ஸ்பெயினின் பார்செலோனாவும் இங்கிலாந்தின் செல்சியும் மோதிய முதல் கட்ட ஆட்டம் அது. இடைவேளையின்போது 0-1 எனப் பின்தங்கியிருந்த பார்செலோனா, இரண்டாம் பாதியில் இரண்டு கோல்கள் அடித்து 2-1 என வென்றது. செல்சி மேலாளர் ஜோசே மொரினியோ இந்தத் திருப்பத்துக்கான காரணத்தை ஆட்டத்தில் தேடவில்லை. இடைவேளையில் பார்செலோனா மேலாளர் ஃபிராங்க் ரைக்கார்ட் நடுவரின் அறைக்குள் சென்றார் என்றும், அதனால்தான் நடுவரின் போக்கு மாறியது என்றும் குற்றம் சாட்டினார். மூன்று வாரங்களுக்குள் அந்த நடுவர், சுவீடனைச் சேர்ந்த ஆண்டர்ஸ் ஃபிரிஸ்க், கொலை மிரட்டல்கள் காரணமாக நடுவர் பணியிலிருந்தே விலகினார்.

தோற்ற அணியின் மேலாளர் நடுவரைக் குறை கூறுவது கால்பந்தில் வாரந்தோறும் நடப்பதுதான். நடுவரின் முடிவு தவறு என்று சொல்வதற்கும், அவர் எதிரணியுடன் ரகசியமாகப் பேசி விலைபோனவர் என்று தோன்றும்படி சொல்வதற்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு. அந்த எல்லை கடக்கப்பட்ட ஆட்டம் என்பதாலேயே இது இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது.

பின்னணி

மொரினியோ பார்செலோனாவுக்குப் புதியவர் அல்லர். 1996இல் இங்கிலாந்தைச் சேர்ந்த பாபி ராப்சன் அங்கே மேலாளராகச் சென்றபோது அவருக்கு மொழிபெயர்ப்பாளராகவும் உதவியாளராகவும் உடன் சென்றவர். ராப்சனுக்குப் பின் வந்த லூயி வான் ஹால் காலத்திலும் உதவிப் பயிற்சியாளராகத் தொடர்ந்து, 2000 வரை அங்கேயே இருந்தார். பின்னர் போர்ச்சுகலின் போர்ட்டோ அணியை 2004இல் சாம்பியன்ஸ் லீக் வாகையராக்கி, அதே ஆண்டுக் கோடையில் செல்சிக்கு வந்தார். பார்செலோனா ரசிகர்கள் பலருக்கு அவர் அப்போதும் பழைய ‘மொழிபெயர்ப்பாளர்’தான். அந்தப் பட்டப்பெயரைச் சொல்லி அவரைக் கேலி செய்வது அந்த மைதானத்தில் வழக்கமாயிற்று.

2004-05 பருவத்தில் இரு அணிகளும் தத்தம் நாட்டு லீக்குகளில் முதலிடத்தில் இருந்தன. செல்சி அந்தப் பருவத்தின் 38 லீக் ஆட்டங்களில் வெறும் 15 கோல்களையே விட்டுக்கொடுத்து, 95 புள்ளிகளுடன் வாகை சூடியது. பார்செலோனாவோ ரொனால்டினியோ, எட்டோ, டெக்கோ, ஷாவி ஆகியோரைக் கொண்டு பந்தைத் தன்வசம் வைத்து ஆடும் அணி. ஐரோப்பாவின் சிறந்த தாக்குதலும் சிறந்த தற்காப்பும் மோதுகின்றன என்று பத்திரிகைகள் எழுதியதில் மிகை இல்லை.

ஆட்டத்துக்கு முன்பே மொரினியோ தம் பாணியைக் காட்டிவிட்டார். முதல் நாள் செய்தியாளர் சந்திப்பில், எதிரணியின் பதினொருவர் யார் யார் என்று அவரே பட்டியல் வாசித்தார். உங்களைப் பற்றி எல்லாம் எனக்குத் தெரியும் என்று எதிரணிக்குச் சொல்லும் வழி அது. இதில் விதிமீறல் ஏதும் இல்லை. உளவியல் விளையாட்டு என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் அவரைப் பொறுத்தவரை ஆட்டம் என்பது 90 நிமிடங்களோடு முடிவதில்லை, செய்தியாளர் அறையும் மைதானத்தின் ஒரு பகுதிதான் என்பதை இதிலிருந்தே அறியலாம்.

முதல் பாதி

செல்சி பின்னால் ஒடுங்கி நின்று, பந்து கிடைத்ததும் விரைந்து முன்னேறும் உத்தியுடன் ஆடியது. 33ஆம் நிமிடத்தில் அதற்குப் பலன் கிடைத்தது. வலப்பக்கத்திலிருந்து டேமியன் டஃப் கோல் முகத்துக்கு அனுப்பிய பந்தைத் தடுக்க ஓடிவந்த பார்செலோனாவின் ஜூலியானோ பெல்லெட்டி, அதைத் தம் வலைக்குள்ளேயே தள்ளிவிட்டார். நம் ஊர்த் திடல்களில் ‘சேம் சைடு கோல்’ என்று சொல்லப்படுவது இதுதான். 0-1 என்ற நிலையில் இடைவேளை வந்தது.

இந்த ஒரு கோலின் மதிப்பை இன்றைய வாசகர்கள் உணர, அப்போதைய விதி ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இரு கட்டங்களாக நடக்கும் மோதலில் இரு அணிகளின் மொத்த கோல்களும் சமமானால், எதிரணியின் மைதானத்தில் அதிக கோல் அடித்த அணி வென்றதாகக் கொள்ளப்படும். ‘வெளிமைதான கோல் விதி’ எனப்படும் இது 2021-22 பருவத்திலிருந்து கைவிடப்பட்டது. 2005இல் அது நடைமுறையில் இருந்ததால், காம்ப் நூவில் செல்சி பெற்ற ஒரு கோல் சாதாரண கோலைவிடக் கூடுதல் எடை கொண்டது. ஆட்டம் 2-1 என முடிந்த பிறகும்கூட, லண்டனில் நடக்கும் அடுத்த ஆட்டத்தில் 1-0 என வென்றாலே செல்சி மேலே செல்ல முடியும் என்ற நிலை இருந்தது. அதாவது செல்சியின் தோல்வி அப்படியொன்றும் மோசமான தோல்வி அல்ல. பின்னால் எழுந்த கூச்சலைப் படிக்கும்போது இதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

இரண்டாம் பாதியில் நடந்தது

இடைவேளை முடிந்து செல்சி அணி தாமதமாகவே களத்துக்குத் திரும்பியது. 56ஆம் நிமிடத்தில் ஆட்டத்தின் போக்கை மாற்றிய நிகழ்வு நடந்தது. ஏற்கெனவே ஒரு மஞ்சள் அட்டை பெற்றிருந்த செல்சியின் முன்கள ஆட்டக்காரர் டிடியே ட்ரோக்பா, பந்தைப் பிடிக்க வந்த கோல்கீப்பர் விக்டர் வால்டெஸுடன் சறுக்கி மோதினார். ஃபிரிஸ்க் இரண்டாவது மஞ்சள் அட்டையைக் காட்ட, ட்ரோக்பா வெளியேறினார். பந்து இருவருக்கும் எட்டும் தொலைவில் இருந்தது, ட்ரோக்பா அதை அடையத்தான் முயன்றார் என்பது செல்சி தரப்பு வாதம். கோல்கீப்பரைக் கால் நீட்டி மோதினால் அட்டை உறுதி என்பது மறுதரப்பு. கடுமையான முடிவு என்று அதைச் சொல்லலாம். கண்மூடித்தனமான முடிவு என்று சொல்வது கடினம்.

அடுத்த 17 நிமிடங்களில் ஆட்டம் தலைகீழானது. 67ஆம் நிமிடத்தில் மாக்சி லோப்பஸ் சமநிலை கோலை அடித்தார். 73ஆம் நிமிடத்தில் சாமுவேல் எட்டோ வெற்றி கோலை அடித்தார். லோப்பஸ் அப்போது இருபது வயது இளைஞர். அர்ஜென்டினாவின் ரிவர் பிளேட் அணியிலிருந்து அந்த ஜனவரியில்தான் பார்செலோனாவுக்கு வந்திருந்தார். இரண்டாம் பாதியில் மாற்று ஆட்டக்காரராகக் களமிறங்கிய சில நிமிடங்களிலேயே கோல் அடித்தார்.

இந்தத் திருப்பத்துக்குக் கால்பந்து சார்ந்த விளக்கம் எளிமையானது. பின்னால் ஒடுங்கி நின்று ஆடும் அணிக்கு, முன்னால் தனியாக நிற்கும் ஆட்டக்காரர் மிக முக்கியம். பந்தை நீண்ட தூரம் உதைத்தால் அதை அடக்கி வைத்துக்கொண்டு, தோழர்கள் முன்னேறி வரும்வரை தாக்குப்பிடிப்பவர் அவர்தான். உடல்வலிமை மிக்க ட்ரோக்பா அந்த வேலைக்கென்றே அமைந்தவர். அவர் வெளியேறியதும் மூன்று விளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. செல்சி உதைத்து விலக்கிய பந்துகள் உடனே திரும்பி வந்தன. அவரைக் காவல் காக்கும் வேலை குறைந்ததால் பார்செலோனாவின் தற்காப்பு வரிசை நடுக்களம்வரை ஏறி நின்றது. பந்து ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகும்போதெல்லாம் அதைத் துரத்த வேண்டிய நடுக்கள ஆட்டக்காரர்கள் களைத்தனர். இந்த நிலையில் ரைக்கார்ட் பெட்டிப் பகுதிக்குள் நிற்கக்கூடிய இன்னொரு முன்கள ஆட்டக்காரரை இறக்கியது சரியான முடிவு. ரொனால்டினியோவையும் எட்டோவையும் எப்படிக் கட்டுப்படுத்துவது என்று திட்டமிட்டு வந்த தற்காப்புக்கு, மூன்றாவதாக ஒருவர் பெட்டிக்குள் வந்து நின்றது கணக்கில் இல்லாத ஒன்று.

இரண்டு கோல்களுக்குப் பிறகு மீதமிருந்த நேரம் முழுவதையும் பத்துப் பேருடன் செல்சி மேலும் கோல் விடாமல் கடத்தியது. காம்ப் நூவில் அதுவே ஒரு சாதனைதான். ஆட்டம் முடிந்ததும் மேலாளர் இதைச் சொல்லித் தம் அணியைப் பாராட்டியிருந்தால், கதை அங்கேயே முடிந்திருக்கும்.

குற்றச்சாட்டு

ஆட்டத்துக்குப் பிந்தைய செய்தியாளர் சந்திப்புக்கு மொரினியோ வரவில்லை. சாம்பியன்ஸ் லீக் போட்டியில் இது மேலாளரின் கடமை; விருப்பம் சார்ந்தது அல்ல. பின்னர் செல்சி நிர்வாகம், இடைவேளையில் ரைக்கார்ட் நடுவரின் அறைக்குள் சென்றதாகப் போட்டியை நடத்தும் ஐரோப்பியக் கால்பந்து ஒன்றியத்திடம் (யூஈஎஃப்ஏ) புகார் செய்தது. மொரினியோ போர்ச்சுகல் இதழ் ஒன்றில் எழுதிய பத்தியில் அதைத் தாமே கண்டதாகக் குறிப்பிட்டார். கண்டபோது நம்ப முடியவில்லை என்றும், பின்னர் ட்ரோக்பா வெளியேற்றப்பட்டபோது வியப்பு ஏற்படவில்லை என்றும் அதில் எழுதினார்.

இந்த இரண்டு கூற்றுகளும் அடுத்தடுத்து வைக்கப்பட்டிருக்கும் முறையைக் கவனிக்க வேண்டும். நடுவர் விலைபோனார் என்று எங்கும் நேரடியாகச் சொல்லப்படவில்லை. இரண்டு நிகழ்வுகள் அருகருகே வைக்கப்படுகின்றன. இடையிலுள்ள கோட்டை வாசகர் போட்டுக்கொள்கிறார். வழக்கு மன்றத்தில் இது குற்றச்சாட்டாக நிற்காமல் போகலாம், ஆனால் ரசிகர் மனத்தில் தீர்ப்பாகவே இறங்கிவிடும்.

ரைக்கார்டும் பார்செலோனா நிர்வாகமும் குற்றச்சாட்டை மறுத்தனர். மைதானத்துக்குள் செல்லும் நடைவழியில் நடுவருக்கு வணக்கம் சொன்னதற்கு மேல் எதுவும் நடக்கவில்லை என்பது ரைக்கார்ட் தரப்பு விளக்கம். காம்ப் நூ போன்ற பெரிய மைதானத்திலும் இரு அணியினரும் நடுவர்களும் ஒரே நடைவழியில்தான் உள்ளே வருகிறார்கள், ஒரே வழியில்தான் திரும்புகிறார்கள். அங்கே ஒருவரோடொருவர் இரண்டு சொல் பேசுவது எந்த ஆட்டத்திலும் காணக்கூடியதே. விசாரணையின் போக்கில் இன்னொன்றும் தெரியவந்தது. செல்சியின் புகார், உதவி மேலாளர் ஸ்டீவ் கிளார்க், பாதுகாப்பு அலுவலர் லெஸ் மைல்ஸ் ஆகிய இருவர் சொன்னதையே ஆதாரமாகக் கொண்டிருந்தது. ‘நான் கண்டேன்’ என்பது ‘அவர்கள் கண்டார்கள்’ என்று சுருங்கியது.

இதே நாட்களில் மொரினியோவின் மனநிலை எப்படி இருந்தது என்பதற்கு வேறொரு சான்றும் உண்டு. பிப்ரவரி 20 அன்று செல்சி எஃப்.ஏ. கோப்பையில் நியூகாசிலிடம் 0-1 எனத் தோற்று வெளியேறியது. 23 அன்று காம்ப் நூ. 27 அன்று கார்டிஃபில் லிவர்பூலுக்கு எதிராக லீக் கோப்பை இறுதி ஆட்டம். அந்த இறுதியில் முதல் நிமிடத்திலேயே கோல் விட்டு, 79ஆம் நிமிடம்வரை பின்தங்கியிருந்தது செல்சி. லிவர்பூலின் ஸ்டீவன் ஜெரார்ட் தம் வலைக்குள்ளேயே பந்தைத் தலையால் தட்டிவிட, ஆட்டம் சமமானது. உடனே மொரினியோ உதட்டில் விரல் வைத்து ‘வாயை மூடுங்கள்’ எனச் சைகை காட்டினார். அதற்காக அவர் பக்கவாட்டுப் பகுதியிலிருந்து வெளியேற்றப்பட்டு, மீதி ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்க்க நேர்ந்தது. கூடுதல் நேரத்தில் செல்சி 3-2 என வென்றது. சைகை ரசிகர்களுக்கு அல்ல, தம்மை விமர்சித்த பத்திரிகையாளர்களுக்கு என்று அவர் விளக்கம் சொன்னார். ஒரே வாரத்தில் இத்தனை. ‘உலகமே நமக்கு எதிராக இருக்கிறது’ என்ற உணர்வை அணிக்குள் உருவாக்கி, அதன் மூலம் ஆட்டக்காரர்களை ஒன்றாக இறுக்கிக் கட்டுவது அவரது அறியப்பட்ட உத்தி. அணிக்குள் அது வேலை செய்தது என்பதை மறுக்க முடியாது. அந்த உத்திக்கு எப்போதும் வெளியே ஓர் எதிரி தேவை. இம்முறை அந்த எதிரி, காவலோ ஊடகப் பிரிவோ இல்லாத ஒரு தனிமனிதர்.

ஆண்டர்ஸ் ஃபிரிஸ்க்

1963இல் பிறந்த ஃபிரிஸ்க், காப்பீட்டுத் துறையில் வேலை பார்த்துக்கொண்டே நடுவராகப் பணியாற்றியவர். அக்காலத்தில் ஐரோப்பாவின் முன்னணி நடுவர்கள் பலர் இப்படித்தான். வாரநாட்களில் அலுவலகம், ஆட்ட நாட்களில் ஆயிரக்கணக்கானோர் முன் ஊதல். 2000ஆம் ஆண்டு ஐரோப்பிய வாகைப் போட்டியின் இறுதியில் பிரான்சும் இத்தாலியும் மோதிய ஆட்டத்தை நடத்தியவர் அவரே. பொன்னிற முடியும் பளிச்சென்ற சைகைகளும் கொண்ட அவரைச் சிலர் ‘காட்சிக்கு ஆடுபவர்’ என்று குறை சொன்னதுண்டு. திறமையை யாரும் குறை சொன்னதில்லை.

காம்ப் நூ ஆட்டத்துக்கு ஐந்து மாதங்களுக்கு முன்பே அவர் ஒருமுறை இரத்தம் சிந்தியிருந்தார். 2004 செப்டம்பரில் ரோம் நகரில் ரோமா, டைனமோ கீவ் அணிகளுக்கு இடையிலான சாம்பியன்ஸ் லீக் ஆட்டம். இடைவேளைக்குச் சற்று முன் ரோமாவின் பிலிப் மெக்சேவுக்குச் சிவப்பு அட்டை காட்டிவிட்டு, அறைக்குத் திரும்பிக்கொண்டிருந்தபோது பார்வையாளர் பகுதியிலிருந்து எறியப்பட்ட பொருள் அவர் நெற்றியைத் தாக்கியது. முகத்தில் இரத்தம் வழிய அவர் படிகளில் இறங்கிய படம் ஐரோப்பா முழுவதும் வெளியானது. ஆட்டம் கைவிடப்பட்டது. கீவ் 3-0 என வென்றதாக அறிவிக்கப்பட்டது. ரோமா தன் சொந்த மைதானத்தில் இரண்டு ஆட்டங்களைப் பார்வையாளர் இல்லாமல் ஆட வேண்டும் என்று தண்டிக்கப்பட்டது.

அப்போதும் அவர் பணியை விடவில்லை. ஆகவே 2005 மார்ச்சில் அவர் விலகியதை மெல்லிய மனம் கொண்டவரின் முடிவு என்று தள்ளிவிட முடியாது. நெற்றியில் அடி வாங்கியபோது தாக்குதல் மைதானத்துக்குள் இருந்தது. இம்முறை தொலைபேசி, மின்னஞ்சல், கடிதம் என்று அது வீட்டு வாசலுக்கு வந்தது. மிரட்டல்கள் அவரோடு நிற்காமல் குடும்பத்தையும் குறிவைத்தன. பிள்ளைகளை வெளியே அனுப்பவே அஞ்சும் நிலையில் இனி ஆடுகளத்தில் கால் வைக்கப்போவதில்லை என்று அவர் அறிவித்தார். வயது 42. பன்னாட்டு நடுவர்களுக்கான வயது வரம்பு அப்போது 45. அடுத்த ஆண்டு ஜெர்மனியில் நடக்கவிருந்த 2006 உலகக் கோப்பை அந்த இடைவெளிக்குள் வந்தது.

யூஈஎஃப்ஏவின் நடுவர் குழுத் தலைவராக இருந்த ஜெர்மனியின் ஃபோல்கர் ரோட் கடுமையாக எதிர்வினையாற்றினார். மொரினியோ போன்ற பயிற்சியாளர்கள் கால்பந்தின் எதிரிகள் என்று அவர் கூறியது உலகெங்கும் தலைப்புச் செய்தியானது. பொறுப்பிலுள்ள ஒருவர் விசாரணை முடிவதற்கு முன்பே இப்படிப் பேசலாமா என்று செல்சி தரப்பு கேட்டது. அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. ஆனால் தன் சக நடுவர் ஒருவர் வீட்டைவிட்டு வெளியே வர அஞ்சுகிறார் என்று கேட்டவரின் கோபம் அது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இரண்டாம் கட்ட ஆட்டம்

ஃபிரிஸ்கின் விலகல் செய்தி வந்த அதே வாரத்தில், மார்ச் 8 அன்று லண்டனின் ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜ் மைதானத்தில் இரண்டாம் ஆட்டம் நடந்திருந்தது. இத்தாலியின் புகழ்பெற்ற நடுவர் பியர்லூயிஜி கொலினா அதை நடத்தினார். 8ஆம் நிமிடத்தில் குட்யோன்சன், 17ஆம் நிமிடத்தில் லாம்பார்ட், 19ஆம் நிமிடத்தில் டஃப் என 20 நிமிடங்களுக்குள் செல்சி 3-0 என முன்னேறியது. பின்னர் ரொனால்டினியோ 27ஆம் நிமிடத்தில் பெனால்டி மூலமும், 38ஆம் நிமிடத்தில் நின்ற இடத்திலிருந்தே கால்விரல் நுனியால் தட்டிய அற்புதமான உதை மூலமும் இரண்டு கோல்கள் அடித்தார்.

இப்போது மொத்தக் கணக்கு 4-4. வெளிமைதானத்தில் பார்செலோனா இரண்டு, செல்சி ஒன்று. இப்படியே முடிந்திருந்தால் பார்செலோனா முன்னேறியிருக்கும். 76ஆம் நிமிடத்தில் கார்னர் கிக்கிலிருந்து ஜான் டெர்ரி தலையால் முட்டி அடித்த கோல், மொத்தக் கணக்கை 5-4 என்று செல்சிக்குச் சாதகமாக முடித்தது. அந்தக் கோலின்போது செல்சியின் ரிக்கார்டோ கார்வால்யோ கோல்கீப்பர் வால்டெஸைப் பிடித்து இழுத்தார் என்று பார்செலோனா முறையிட்டது, கோல் நின்றது. முதல் ஆட்டத்தில் வால்டெஸ் மீதான மோதலுக்கு அட்டை கிடைத்தது என்று செல்சி குமுறியது. இரண்டாம் ஆட்டத்தில் அதே வால்டெஸ் தடுக்கப்பட்டதற்கு ஊதல் ஒலிக்கவில்லை என்று பார்செலோனா குமுறியது. கொலினாவின் அறைக்குள் யார் சென்றார் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

தண்டனையும் சலவைக் கூடையும்

மார்ச் இறுதியில் யூஈஎஃப்ஏவின் ஒழுங்கு நடவடிக்கைக் குழு தீர்ப்பளித்தது. நடுவர் பற்றிய தவறான கூற்றுகள் உள்ளிட்ட குற்றங்களுக்காக மொரினியோவுக்கு இரண்டு ஆட்டத் தடையும் 20,000 சுவிஸ் பிராங்க் அபராதமும் விதிக்கப்பட்டன. செல்சி நிர்வாகத்துக்கு 75,000 சுவிஸ் பிராங்க் அபராதம். கிளார்க்குக்கும் மைல்ஸுக்கும் கண்டனம். செல்சி மேல்முறையீடு செய்யவில்லை. பணக்கார அணி ஒன்றுக்கு இந்தத் தொகை ஓர் ஆட்டக்காரரின் சில நாள் சம்பளம். ஒரு பக்கம் இரண்டு ஆட்டங்கள், மறுபக்கம் ஒருவரின் முழுப் பணிவாழ்வு: எடை போட்டால் தட்டு எங்கே சாய்கிறது என்பது தெரியும்.

தடைக் காலத்தில் மேலாளர் ஆட்டக்காரர்களின் உடைமாற்றும் அறைக்குச் செல்லவோ, ஆட்டத்தின்போது அணியுடன் தொடர்புகொள்ளவோ கூடாது. பேயர்ன் மியூனிக்குடனான காலிறுதி ஆட்டங்கள் இரண்டும் அந்தத் தடைக்குள் வந்தன. லண்டனில் செல்சி 4-2 என வென்றது. மியூனிக்கில் 2-3 எனத் தோற்றாலும் மொத்தத்தில் 6-5 என முன்னேறியது. முதல் ஆட்டத்தில் உடற்பயிற்சியாளர் ரூய் ஃபாரியா கம்பளித் தொப்பி அணிந்து, அடிக்கடி காதைத் தொட்டுக்கொண்டிருந்தது சந்தேகத்தைக் கிளப்பியது. பல ஆண்டுகள் கழித்து மொரினியோவே உண்மையை ஒப்புக்கொண்டார். ஆட்ட நாளன்று பகலிலேயே உடைமாற்றும் அறைக்குள் புகுந்து மறைந்திருந்ததாகவும், வெளியேறும்போது அழுக்குத் துணி வைக்கும் சலவைக் கூடைக்குள் ஒளிந்து தள்ளிச்செல்லப்பட்டதாகவும், மூடி மூடப்பட்டதால் மூச்சுத் திணறியதாகவும் சொன்னார். கேட்பதற்குச் சிரிப்பு வரும் கதைதான், கால்பந்து ரசிகர்கள் அதை அப்படித்தான் ரசித்துப் பகிர்கிறார்கள். எதற்காக விதிக்கப்பட்ட தடை அது என்பது அந்தச் சிரிப்பில் பெரும்பாலும் மறைந்துவிடுகிறது.

அந்தப் பருவத்தில் செல்சி அரையிறுதியில் லிவர்பூலிடம் 0-1 என்ற மொத்தக் கணக்கில் வெளியேறியது.

அதே காட்சி மீண்டும்

அடுத்த ஆண்டு, 2006 பிப்ரவரி 22 அன்று, அதே சுற்றில் அதே இரு அணிகள் லண்டனில் மோதின. செல்சியின் டெல் ஓர்னோ, இளம் லயோனல் மெஸ்ஸியை மோதியதற்காக 37ஆம் நிமிடத்தில் சிவப்பு அட்டை பெற்றார். 59ஆம் நிமிடத்தில் பார்செலோனாவின் மோட்டா அடித்த சேம் சைடு கோலால் செல்சி முன்னிலை பெற்றது. பின்னர் 72ஆம் நிமிடத்தில் டெர்ரியின் சேம் சைடு கோல், 80ஆம் நிமிடத்தில் எட்டோவின் தலைமுட்டு. முடிவு மறுபடியும் 2-1 பார்செலோனாவுக்கு. பத்துப் பேர், சேம் சைடு கோலால் முன்னிலை, இரண்டாம் பாதியில் திருப்பம் என்று ஓராண்டுக்கு முந்தைய ஆட்டத்தை அச்சு வார்த்தது போல. மெஸ்ஸி நடித்தார் என்று மொரினியோ ஏளனம் செய்தார். ஆனால் நடுவர் டெர்யே ஹாவ்கே அதே ஆண்டின் சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்துக்கும் நியமிக்கப்பட்டார்.

மொரினியோ ரியல் மாட்ரிட்டின் மேலாளராக இருந்த 2011 ஏப்ரலில், பார்செலோனாவுக்கு எதிரான அரையிறுதியில் அவரது ஆட்டக்காரர் பெப்பே வெளியேற்றப்பட்டார். மெஸ்ஸி கடைசிக் கட்டத்தில் இரண்டு கோல்கள் அடித்தார். ஆட்டத்தின்போதே பார்வையாளர் பகுதிக்கு அனுப்பப்பட்ட மொரினியோ, பின்னர் செய்தியாளர்களிடம் ‘ஏன்’ என்ற ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டு, நடுவர்களின் பெயர்களை அடுக்கினார். அந்தப் பட்டியலில் ஃபிரிஸ்கின் பெயரும் இருந்தது. அப்போது அவர் விலகி ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

நடுவர்களுக்கான பாதுகாப்பு இதற்கிடையே ஓரளவு மாறியது. 2019இல் ஆட்ட விதிகள் திருத்தப்பட்டு, பக்கவாட்டில் நிற்கும் மேலாளர்களுக்கும் மஞ்சள், சிவப்பு அட்டைகளைக் காட்டும் அதிகாரம் நடுவருக்கு வந்தது. அதே ஆண்டு சாம்பியன்ஸ் லீக்கில் காணொளி உதவி நடுவர் முறையும் நுழைந்தது. ஆனால் ட்ரோக்பா பெற்றது போன்ற இரண்டாவது மஞ்சள் அட்டை, அந்த முறை அறிமுகமானபோது அதன் வரம்புக்குள் வரவில்லை. திரையில் மறுபடி பார்த்துச் சரிசெய்யக்கூடிய பிழைகள் குறைந்தன. நடுவரின் நேர்மையைச் சந்தேகிக்கும் பேச்சுக்கு அந்தத் திரையில் மருந்தில்லை.

2023 மே 31 அன்று புடாபெஸ்டில் யூரோப்பா லீக் இறுதி ஆட்டம். இம்முறை மொரினியோ, ஃபிரிஸ்கின் நெற்றி பிளந்த அதே ரோமா அணியின் மேலாளர். 35ஆம் நிமிடத்தில் திபாலா அடித்த கோலால் ரோமா முன்னிலை பெற்றது. 55ஆம் நிமிடத்தில் மான்சினியின் சேம் சைடு கோலால் ஸ்பெயினின் செவியா சமன் செய்து, இறுதியில் பெனால்டி உதைகளில் வென்றது. ஆட்டத்துக்குப் பின் மொரினியோ வாகன நிறுத்துமிடத்தில் இங்கிலாந்து நடுவர் ஆண்டனி டெய்லரை நோக்கி வசைச்சொற்களை வீசிய காணொளி பரவியது. மறுநாள் புடாபெஸ்ட் விமான நிலையத்தில், குடும்பத்துடன் ஊர் திரும்பவிருந்த டெய்லரை ரோமா ரசிகர்கள் சூழ்ந்துகொண்டு கூச்சலிட்டனர். ஒரு நாற்காலியும் பறந்து வந்தது. காவலர்கள் அவரையும் குடும்பத்தினரையும் ஒரு கதவுக்குள் தள்ளிக் காப்பாற்றினர். யூஈஎஃப்ஏ மொரினியோவுக்கு நான்கு ஆட்டத் தடை விதித்தது. டெய்லர் நடுவர் பணியில் தொடர்ந்தார். அடுத்த ஆண்டு ஜெர்மனியில் நடந்த ஐரோப்பிய வாகைப் போட்டியிலும் அவர் ஊதலுடன் களத்தில் இருந்தார்.